கிழக்கு அறைக்கு ஒரு ரசீது

புன்னைக்குடி,
வலங்கைமான் வழி.
10.6.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆனந்தவல்லி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

நமக்குள் கடிதம் நின்று பதினான்கு மாதம் ஆகிறது. மாதம் பிறந்தால் நான் அனுப்பும் நாற்பது ரூபாய் மணியார்டரும், நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பும் துண்டுச் சீட்டும்தான் பேச்சுவார்த்தை. "ஓசியில ஒரு அறைய அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே" என்று போன வருஷம் சித்திரையில் நீங்கள் சொன்னதற்கு நான் கண்டுபிடித்த பதில் அது. இருவருக்கும் சௌகரியமாகவே இருந்தது. அதைக் கலைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

நான் வருமான வரி கட்டவேண்டுமாம். கல்லூரிகளில் தமிழிலேயே பாடம் நடத்த ஆரம்பித்ததிலிருந்து சென்னைப் பதிப்பாளர் எனக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பதில்லை. போன வருஷம் மட்டும் ஒரு தாவரவியல், இரண்டு பொருளாதாரம், ஒரு புவியியல். வந்த பணம் வரம்பைத் தாண்டிவிட்டது. இத்தனை ஏக்கர் வயலுக்கு வராத வருமான வரி என் ஒரு மேசைக்கு வந்திருக்கிறது. "வரி கட்டுற அளவுக்கு நீ அப்படி என்னடி பண்ணினே?" என்று அம்மா, வாசலில் போலீஸ் நிற்பது போலக் கேட்கிறாள்.

கும்பகோணத்தில் ஜெக்கரியா என்று ஒரு வரி ஆலோசகர். கூத்தாநல்லூர்க்காரர். வீட்டில் ஓர் அறையைத் தொழிலுக்கென்றே வைத்துக்கொண்டால் அதன் வாடகையை வருமானத்தில் கழிக்கலாம் என்றார்.

"வாடகை குடுக்கிறீங்களா?"

"கொடுக்கிறேன்."

"யாருக்கு?"

"அண்ணனுக்கு."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "ரசீது குடுப்பாரா?" என்றார். நம் குடும்பம் அவருக்குத் தெரியாது. பொதுவாகக் குடும்பங்களைத் தெரியும் போலிருக்கிறது.

அண்ணா, பாகப்பிரிவினையில் வீடு உங்கள் பங்கு. அதில் எனக்கு வழக்கில்லை. கிழக்கு அறைக்கு வாடகை வாங்கியதாக ஒரே ஒரு ரசீது எழுதித் தாருங்கள். மிச்சமாகப்போவது ஐம்பது ரூபாய்கூட இருக்காது. அந்த அறை நான் வேலை செய்யும் இடம் என்று எங்காவது ஒரு காகிதத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். எனக்கு இருபத்தேழு வயது. ரேஷன் அட்டையில் கடைசி வரியைத் தவிர என் பெயரில் இந்த உலகத்தில் எதுவுமில்லை.

ஜூலை 31 கடைசி நாள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

ஆனந்தவல்லி


(தபால் கார்டு)

தஞ்சாவூர்,
14.6.74

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் துரைராசு வரைவது. ஆருயிர்த் தங்கையிடம் அறை வாடகை வாங்கினேன் என்று அரசாங்கத்துக்கு எழுதித் தர அண்ணன் ஆளில்லை! நீ அனுப்பியது அன்பளிப்பு. அன்போடு வாங்கிக்கொண்டேன். நிற்க. குறுவைக்கு வாங்கிய உர மூட்டைகளை அடுக்கக் கிழக்கு அறை வேண்டும். மேசையை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிக்கொள்ளவும். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும்.

து.


புன்னைக்குடி,
17.6.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

தயவுசெய்து கார்டில் எழுதாதீர்கள். தபால்காரர் வைரக்கண்ணு வாசலிலேயே, "பாப்பா, அண்ணன் முடியாதுங்கிறாரு" என்று சொல்லிவிட்டுத்தான் கார்டை நீட்டினார். சாயங்காலத்துக்குள் தெருவில் இரண்டு கட்சி. "தங்கச்சிக்கிட்ட வாடகையா?" என்பது ஒன்று. "மாட்டுக்கொட்டாயில காத்து வருது, அது நெசந்தானே?" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்கு அம்மா தலைவி.

அன்பளிப்பு என்கிறீர்கள். மணியார்டர் பாரத்தில் செய்தி எழுதும் இடத்தில் மாதந்தோறும் "கிழக்கு அறை வாடகை" என்றுதான் எழுதினேன். அந்தத் துண்டு உங்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டும். பணம் போனதற்கு அது சாட்சி, எதற்காகப் போனது என்பதற்கு இல்லை என்கிறார் ஜெக்கரியா.

அவர் வேறு கேள்விகளும் கேட்டார். அறையின் அளவு பன்னிரண்டுக்குப் பத்து. படுப்பது கூடத்தில், அம்மாவுடன். அறையில் வேறு ஏதாவது நடக்கிறதா என்றார். பொய் சொல்லக்கூடாது என்று, "கோழி முட்டையிடும்" என்றேன்.

"எங்கே?"

"அகராதிகளுக்குப் பின்னால்."

"தெனமுமா?"

"ஒன்றுவிட்டு ஒருநாள்."

எழுத ஆரம்பித்துப் பேனாவை எடுத்துவிட்டார். "கோழி வாடகை ஒண்ணும் குடுக்கலையே? அப்ப அத எழுத வேணாம்."

இவ்வளவு கருணையுள்ள மனிதரை நான் வெறுங்கையோடு போய்ப் பார்க்க முடியாது. மேசையும் மாட்டுக்கொட்டகைக்குப் போகாது. அதன்மேல் ஒரு விலங்கியல் பாதியில் நிற்கிறது. மாடுகளின் செரிமானம் பற்றிய அத்தியாயத்தை அவற்றின் எதிரிலேயே எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனந்தவல்லி


(உள்நாட்டுக் கடிதம், ஓரத்தில்: படித்ததும் அடுப்பில் போடவும்)

தஞ்சாவூர்,
22.6.74

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணி சத்தம் போட்டுப் படித்தாள். கோழி வந்த இடத்தில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். வாடகை அல்ல விஷயம். ரசீதில் நீ புன்னைக்குடியில் இருப்பதாக வரும். அது வரக்கூடாது. ஏன் என்று கேட்காதே. பெரிய மனிதர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு.

உனக்கு வேண்டியது ஓர் அறை. வேலை செய்ததாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதானே? கும்பகோணத்தில் ஓர் அறை எடுத்து எழுதுவதாகப் போட்டுக்கொள். முகவரி நானே தருகிறேன்: நெ. 9, செம்பியன் சந்து. நல்ல இடம். வேண்டியவர்கள். ரசீதும் அவர்களே தருவார்கள், நாற்பது என்ன, அறுபதாகவே தருவார்கள். உனக்கும் லாபம், எனக்கும் நிம்மதி.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஜெக்கரியாவிடம் சொல்லவே வேண்டாம்.

துரைராசு


புன்னைக்குடி,
29.6.1974

அண்ணனுக்கு,

நான் பணியாற்றும் அறையைப் பார்க்கலாமே என்று வியாழக்கிழமை கும்பகோணம் போனேன். நெ. 9, செம்பியன் சந்து ஒரு வெற்றிலை மண்டி. ஈரச் சாக்கும் வாழைநாரும், தரையெல்லாம் வழுக்கலும். உள்ளே வெற்றிலையைக் கவுளி கவுளியாக எண்ணிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளையிடம், இங்கே ஆனந்தவல்லி என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

தலையை நிமிர்த்தாமலே பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்: "இருக்காங்க. இங்கதான் குடியிருக்காங்க. இப்ப வெளியூரு போயிருக்காங்க."

"எப்போ வருவாங்க?"

"அத எனக்குச் சொல்லிக் குடுக்கலியே."

நான்தான் அது என்றேன். அவருக்கு ஆச்சரியம்கூட இல்லை. "அப்படிங்களா, நல்லதாப் போச்சு. ஒங்களுக்கு ஒரு கடுதாசி வந்து ரெண்டு வாரமாக் கெடக்குது" என்று கல்லாவுக்கு அடியிலிருந்து ஈரமான ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். தாலுகா ஆபீஸ் முத்திரை. நில உச்சவரம்பு விசாரணை. புன்னைக்குடி வாய்க்கால்மேட்டில் எனக்குச் சொந்தமான ஆறு ஏக்கர் நஞ்சையை நான் நேரில் சாகுபடி செய்கிறேனா, வேறு யாராவது செய்கிறார்களா என்பதை ஜூலை 15ஆம் தேதிக்குள் தெரிவிக்கவேண்டுமாம்.

எனக்குச் சொந்தமான ஆறு ஏக்கர்!

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கூட உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரும் தவறிட்டாங்களாம்மா?" என்று விசாரித்தாள்.

மறுநாள் காலையில் முருகையன் வாசலில் வந்து நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு பாரம்.

"பாப்பா, வாய்க்கா மேட்டு ஆறு ஏக்கரு ஒங்க பேருலதான் இருக்காம்ல?"

"எனக்கே நேற்றுத்தான் தெரியும்."

"எனக்கு செவ்வாக்கெழமையே தெரியும், தாலுகா ஆபீசுல சொன்னாங்க" என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பிறகு பாரத்தைப் பிரித்தார். குத்தகைதாரர் பதிவு. "பதினெட்டு வருசமா நாந்தான் உழுவுறேன். குத்தகை நெல்லு அளக்குறதையும் கொறச்சதில்ல. ஒங்க அண்ணன் போன மாசம் வலங்கைமான் மேடையில உழுதவனுக்கே உரிமைன்னு பேசினாரு. நான் முன்னாடி உக்காந்து கை தட்டினேன். ரொம்ப நல்லாப் பேசினாரு. அதான் மறுநாளே போயி பாரத்த வாங்கியாந்துட்டேன். அவருகிட்ட போனா நீ எங்கிட்ட வராத, நெலம் பாப்பாவோடதுன்னு சொல்லிருவாருன்னு எம் பொண்டாட்டி அம்சவல்லி சொன்னா. அதான் நேரா இங்கயே வந்துட்டேன்."

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் உங்களைக் கேட்கிறேன். இந்த நிலம் எப்போது எனக்கு வந்தது? ஏன் எனக்கு மட்டும் தெரியாது? நான் ஏன் வெற்றிலை மண்டியில் குடியிருக்கிறேன்?

ஆனந்தவல்லி


தஞ்சாவூர்,
3.7.74

தங்கைக்கு,

கேள்விகளை அடுக்கினால் பதில்களும் அடுக்கித்தான் வரும்.

அறுபத்தெட்டில் அப்பாவே எழுதி வைத்தது. நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வருகிறது என்று ஊரே சொந்தக்காரர்கள் பேரில் எழுதி வைத்தது. நாய்க்குட்டிக்கு மட்டும்தான் எழுதவில்லை. உன் படிப்பு கெடவேண்டாம் என்று உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம் அப்பா போய்ச் சேர்ந்தார். அப்புறம் சொல்ல நேரமில்லை.

நீ என் வீட்டில் என் சோறு தின்கிறாய் என்றால் அந்த நிலமும் என்னுடையதுதான் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். தனிக்குடித்தனம் என்று காட்ட ஒரு முகவரி வேண்டியிருந்தது. வெற்றிலை மண்டி என்றால் என்ன, கௌரவமான வியாபாரம்தானே.

இப்போது கேள். நான் ஒரு தாள் அனுப்புகிறேன். நீ கும்பகோணத்தில் குடியிருப்பதாகவும், ஆறு ஏக்கரையும் சொந்தமாகச் சாகுபடி செய்வதாகவும் அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பு. அனுப்பிய அன்றே உனக்குக் கிழக்கு அறை ரசீது வரும். முருகையனிடம் நான் பேசிக்கொள்கிறேன். மேடையில் பேசுவது வேறு. அவனுக்கே அது தெரியும்.

போடவில்லை என்றால் சனிக்கிழமை இருபது மூட்டை யூரியா வரும். வண்டிக்காரனிடம் கிழக்கு அறை என்று சொல்லியாகிவிட்டது.

துரைராசு


புன்னைக்குடி,
9.7.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய தாள் வந்தது. இரண்டு நாள் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ரசீது எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த விலை சொன்னீர்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு காகிதத்தில் நான் புன்னைக்குடியில் மேசைமுன் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். அடியில் உங்கள் கையெழுத்து. இன்னொன்றில் அதே நாளில் கும்பகோணத்தில் வெற்றிலைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, இடையிடையே வந்து ஆறு ஏக்கரை உழுகிறேன். அடியில் என் கையெழுத்து. நாம் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எழுதி இரண்டு ஆபீஸுக்கும் கொடுத்ததாக ஆகும். பதினான்கு மாதச் சண்டையில்கூட அவ்வளவு தூரம் போகவில்லை.

அப்புறம், உழுவதைப் பற்றி. எனக்கு உழத் தெரியாது. முருகையனுக்குத் தெரியும். தாவரவியலில் நெல்லைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள் நான். வாய்க்கால்மேட்டில் எந்த மடை எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரியாது. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அவருடைய பதினெட்டு வருஷம் இல்லாமல் போகும். ஒரு பன்னிரண்டுக்குப் பத்து அறைக்காக அதைச் செய்ய முடியாது. ரசீது வராமலே போகட்டும்.

அவருடைய பாரத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாலுகா ஆபீஸ் கேட்டதற்கும் உள்ளபடி பதில் எழுதிவிட்டேன்: குடியிருப்பது புன்னைக்குடி, உழுவது முருகையன், நிலம் என் பெயரில் என்பது எனக்குத் தெரிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

யூரியா சனிக்கிழமையே வந்தது. நீங்கள் அமர்த்திய வண்டிக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். வண்டி ஓட்டி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? முருகையன்தான். கிழக்கு அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பொஸ்தகத்த எங்கிட்டுப் பாப்பா தூக்கி வைக்கிறது? இதுக்கு மூட்டையே தேவல" என்றார்.

மாட்டுக்கொட்டகைக் கட்சியின் தலைவி அப்போது உள்ளேயிருந்து வந்தாள். வெற்றிலை மண்டி விவரம் அவள் காதுக்கு எட்டியிருந்தது. (நான் சொல்லவில்லை. உங்கள் மூன்றாம் தேதிக் கடிதத்தை நீங்கள் சரியாக ஒட்டவில்லை.) "எம் பொண்ண வெத்தல மண்டியிலயாடா குடி வச்சான்?" என்று முருகையனைப் பார்த்துக் கேட்டாள், அவர்தான் வைத்தது போல. பிறகு, "மூட்டையெல்லாம் அவன் கட்டில்ல அடுக்கு" என்றாள்.

அடுக்கியாகிவிட்டது. கட்டிலில் எட்டு, கீழே ஆறு, மாலை போட்ட உங்கள் மேடைப் படத்துக்குக் கீழே ஆறு. நீங்கள் வந்தால் படுக்க இடமில்லை. மாட்டுக்கொட்டகை இருக்கிறது.

ஆனந்தவல்லி


தஞ்சாவூர்,
16.7.74

அன்புத் தங்கை ஆனந்திக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. சட்டை நனைந்துவிட்டது.

அந்த அதிகாரி மதுரைப் பக்கத்துக்காரர். சிரிக்கவே மாட்டார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவர் நேரே செம்பியன் சந்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டார். கணக்குப்பிள்ளை, "ஆனந்தவல்லி வந்தாங்க, கடுதாசிய வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க, நல்ல பொண்ணு" என்று சொல்லித் தொலைத்தான்.

"உங்க தங்கச்சி எங்க இருக்காங்க?" என்றார் அதிகாரி. இனி என்ன மறைப்பது? "எங்க வீட்டுல" என்றேன்.

"அப்புறம் ஏன் மண்டின்னு எழுதினீங்க?"

"தனிக்குடும்பம்னு காட்ட."

அப்போது சிரித்தார். வக்கீலும் சிரித்தார். எனக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. சட்டத்தில் ஒருவனுக்குக் குடும்பம் என்றால் மனைவியும் பிள்ளைகளும்தானாம். வயது வந்த தங்கை கணக்கிலேயே கிடையாதாம். நீ என் வீட்டில் இருந்தால் என்ன, என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் என்ன. நான்கு வருஷமாக மண்டிக்காரனுக்குப் பொங்கல், தீபாவளி இனாம் கொடுத்து வந்திருக்கிறேன்.

ஆனால் அதிகாரி விடவில்லை. நிலம் நிஜமாகவே தங்கையுடையதா, பேருக்கு மட்டும் தங்கையுடையதா என்றார். பேருக்கு என்றால் என் கணக்கில் சேர்ந்து அரசாங்கத்துக்குப் போய்விடும். தங்கை சொந்தக்காலில் நிற்கிறாளா, நிலத்தில் அவள் சொல் செல்கிறதா, உங்களை அண்டித்தான் இருக்கிறாளா என்று கேட்டார்.

நீ முருகையனுக்குப் போட்ட கையெழுத்து அவர் கோப்பில் இருந்தது. உன் பதிலும் இருந்தது. "இந்தம்மா உங்க பேச்சக் கேக்கிறவங்களாத் தெரியலையே" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை அதைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். வருமானம் உண்டா என்றார். வருமான வரியே கட்டப்போகிறாள் என்றேன். வீட்டில் சும்மா இருக்கிறாரா என்றார். "இல்லீங்க, வாடகை குடுக்கிறா!" என்று கத்திவிட்டேன். பியூன் எட்டிப் பார்த்தான்.

ரசீது கேட்கிறார்.

ஆகவே, பத்து நாளாக எனக்கு எதிராக நீ செய்தது எல்லாம் எனக்குச் சாட்சியாகிவிட்டது. ஆறு ஏக்கர் அரசாங்கத்திடமிருந்து தப்பியது. என்னிடமிருந்தும் தப்பிவிட்டது. நேற்று ராத்திரி அண்ணி, "நெலம் குடும்பத்துலதானே இருக்கு" என்றாள். தங்கை குடும்பத்தில் சேர்த்தியில்லை என்று காலையில்தான் சட்டம் படித்திருந்தேன், சொல்லவில்லை.

கையைச் சுட்டுக்கொண்டவன் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள். முருகையனைக் குறை சொல்லமாட்டேன். நான் பேசிய பேச்சை நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

என் கட்டில் தாங்குமா?

துரைராசு


(தபால் கார்டு)

தஞ்சாவூர்,
20.7.74

ரசீது

1973 ஏப்ரல் முதல் 1974 மார்ச் முடிய, புன்னைக்குடியில் எனக்குச் சொந்தமான வீட்டின் கிழக்கு அறையை மொழிபெயர்ப்புத் தொழிலுக்கென்றே வைத்திருக்கும் என் தங்கை செல்வி ஆனந்தவல்லியிடமிருந்து, அந்த அறைக்கு வாடகையாக ரூ. 480 (நானூற்று எண்பது) பெற்றுக்கொண்டேன். மேற்படி அறையில் உர மூட்டை எதுவும் வைக்கப்படமாட்டாது.

து. துரைராசு
(ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து)

பி.கு.: தெரிந்தேதான் கார்டில் எழுதினேன். வைரக்கண்ணு படிக்கட்டும்.


புன்னைக்குடி,
1.8.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

படித்தார். எங்கள் வாசலில் இல்லை. தெருமுனையில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாகப் படித்துக்கொண்டு வந்தார். கார்டு என் கைக்கு வரும்போது பதினொன்றரை. "பாப்பா, சாட்சி இல்லாம ரசீது எப்படிச் செல்லும்?" என்று தானே பேனா வாங்கி உங்கள் கையெழுத்துக்குக் கீழே "வைரக்கண்ணு, தபால் பட்டுவாடா" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தபால் ஆபீஸ் முத்திரை வேறு மேலே கொழகொழவென்று விழுந்திருக்கிறது. இருபது வருஷத்தில் இவ்வளவு பந்தோபஸ்தான ரசீதைப் பார்த்ததில்லை என்றார் ஜெக்கரியா.

நேற்று முன்தினம் கணக்கைத் தாக்கல் செய்தோம். தொழில் செய்யும் இடம் என்ற கட்டத்தில் "கிழக்கு அறை, புன்னைக்குடி" என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. மிச்சமான வரி நாற்பத்தெட்டு ரூபாய் சொச்சம். பஸ், தபால், ஜெக்கரியா எல்லாம் சேர்த்துச் செலவு ஐம்பத்திரண்டு. இனி முருகையன் அளக்கும் குத்தகை நெல் என்னிடம் வருவதால், அடுத்த வருஷம் விவசாய வருமானத்தையும் பாரத்தில் காட்ட வேண்டுமாம். அதற்கு வரி இல்லையாம். ஆனால் அது இருப்பதால் மற்றதற்கு வரி கூடுமாம். இதை அவர் மூன்று முறை விளக்கினார். இரண்டு பொருளாதாரம் மொழிபெயர்த்தவளுக்கே புரியவில்லை. மொத்தத்தில் உங்கள் ரசீதால் எனக்கு நஷ்டம். சட்டம் போட்டு மேசைக்கு எதிரில் மாட்டலாமா என்று பார்க்கிறேன். அதை வரி ஆபீஸ் எடுத்துக்கொண்டுவிட்டது, ஒரு நகல் தாலுகாவுக்குப் போயிற்று. நகல்தான் இருக்கிறது.

யூரியா வயலுக்குப் போய்விட்டது. கட்டில் தாங்கிவிட்டது, ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தாயிற்று.

ஒரு செய்தி. அறையில் இதுவரை ஒரு நாற்காலிதான் இருந்தது. போன வாரம் வலங்கைமான் தச்சரிடம் இன்னொன்று வாங்கினேன். தொழிலுக்கு வாங்கிய சாமான் என்றால் தேய்மானம் என்று அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாமாம். ஆனால் ஜெக்கரியா சந்தேகப்பட்டார். "எழுதுறது நீங்க ஒருத்தர். ரெண்டாவது நாற்காலி யாருக்குன்னு ஆபீசர் கேப்பாரே?"

"வீட்டுக்காரருக்கு" என்றேன். "இனிமேல் மணியார்டர் அனுப்பப்போவதில்லை. வாடகையை நேரில் வந்து வாங்கிக்கொள்வார்."

அப்படியே எழுதிக்கொண்டார். ஆகவே நீங்கள் மாதம் பிறந்தால் வரவேண்டியிருக்கும், அண்ணா. வரும்போது நாற்காலியில் பார்த்து உட்காருங்கள். கோழி இடம் மாறிவிட்டது.

உங்கள் குடித்தனக்காரி,
ஆனந்தவல்லி